மொட்டை மாடியில் எழுபத்திரண்டு நிமிடம்

1

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் சங்கதிகள் ஓரளவு பழக்கம். முதல் பனியில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்தது, முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் என்னைத் தன் செத்துப்போன அக்கா என்று நினைத்துக்கொண்டது, ரயிலில் கருவாட்டுப் பொட்டலம் அவிழ்ந்தது. எல்லாமே வட இங்கிலாந்தில் ஒரு பழைய பஞ்சாலை ஊரிலிருந்து எழுதியவை. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். இந்த முறை அப்படி இல்லை. ஆவூருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி, நான் பிறந்த வீட்டில், அடுப்படி மேடையில் நோட்டை வைத்து இதை எழுதுகிறேன். பதினெட்டு நாள் லீவில் வந்தவள் நான். இன்றோடு ஐந்து மாதம் ஆகிறது.

ஐந்து மாதம் என்பது எனக்கே நினைவில்லை. காலையில் பால் ஊற்ற வந்த செல்விதான் சொன்னாள்.

"அக்கா, நீங்க வந்து இன்னைக்கோட அஞ்சு மாசம். இனிமே ஒங்கள விருந்தாளின்னு சொல்ல முடியாது. நாளையிலருந்து பால நீங்களே வீட்டுக்கு வந்து வாங்கிக்கங்க."

கேலிதான். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு பால் பாத்திரத்தை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

புலம்பெயர்ந்தவளின் குறிப்புகளை ஊரில் உட்கார்ந்து எழுதலாமா என்று நம் இதழின் ஆசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எழுதுங்கம்மா. எங்க உக்காந்து ஏங்குனா என்ன, பக்கம் நெறஞ்சா சரி" என்றார். அவருடைய கவலை அவருக்கு.

2

நான் மாட்டிக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. இருந்தால் அது என் மேல்தான்.

அம்மா போன வருடம் இறந்துபோனார். அடக்கத்துக்கு வர முடியவில்லை. வருசத் திருப்பலிக்காவது வந்து, கல்லறையில் சிலுவை நட்டுவிட்டுப் போகலாம் என்று பெரிய வெள்ளி முடிந்து கிளம்பி வந்தேன். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் சில மாதம் இருந்தது. அங்கே புதுப்பிப்பதென்றால் வேறு ஊருக்கு ரயில் பிடிக்க வேண்டும், ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். இங்கே பத்து நாளில் முடிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கீரனூரில் ஒரு ஆன்லைன் சென்டருக்குப் போனேன்.

சென்டர் நடத்துகிற அம்மா கெட்டிக்காரி. "இப்ப இருக்கிற அட்ரஸுன்னு கேக்குதுங்க. வெளிநாட்டு அட்ரஸப் போட்டா அங்கிட்டுப் போ இங்கிட்டுப் போன்னு அலைய விட்ருவாங்க. அம்மா வீட்டையே போட்ருவோமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். திருச்சி பாஸ்போர்ட் ஆபீசில் பழைய பாஸ்போர்ட்டின் மூலையைக் கத்தரித்து, செல்லாது என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணை முடிந்தால் புதியது தபாலில் வரும். அவ்வளவுதான்.

விசாரணைக்கு ஏட்டு வந்த நாளில் கல்லறைக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தேன். அடுத்த வீட்டில் அம்மாவின் தங்கை இருக்கிறார், ஆரோக்கியம் சித்தி. அவர்தான் ஏட்டைப் பார்த்தவர். சாயங்காலம் நான் திரும்பியதும் முகமெல்லாம் பூரிப்போடு வந்தார்.

"ஒன்னத் தேடி போலீசு வந்துச்சுடி. சகாயமேரி இங்க இருக்காங்களான்னு கேட்டாரு. நான் விடுவேனா? இங்க எங்க இருக்கா, அவ லண்டன்ல இருக்கா, இருவது வருசத்துக்கு மேலாச்சு, சொந்த வீடு, பெரிய ஆசுபத்திரியில வேல, சும்மா பத்து நாளைக்கு எட்டிப் பாக்க வந்திருக்கான்னு எடுத்துச் சொன்னேன். காப்பி போட்டுக் குடுத்தேன். எதுத்த வீட்டு வாத்தியாரும் ஆமான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு."

நான் இருப்பது லண்டனும் இல்லை, சொந்த வீட்டிலும் இல்லை, என் வேலை ஆசுபத்திரியிலும் இல்லை. அதெல்லாம் போகட்டும். அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விட்டது. மூன்று வாரம் கழித்துதான் எனக்கே தெரிந்தது. சித்தியிடம் கத்தினேன். அவர் புரியாமல் பார்த்தார். "உள்ளதத்தானடி சொன்னேன்?" என்றார். சித்தி சொன்னது நிஜம். படிவத்தில் நான் எழுதியதுதான் பொய்.

மறுபடி திருச்சி, விளக்கக் கடிதம், மறுவிசாரணைக்கு மனு. கோப்பு அங்கிருந்து இங்கே வர வேண்டும். வந்தபோது ஸ்டேஷனில் எல்லோரும் தேர்த்திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். பிறகு ஏட்டுக்கு முதுகுவலி. பழைய பாஸ்போர்ட் செல்லாது, புதியது இல்லை. நாட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். திருமயம் கோட்டையைக்கூட ஒருநாள் போய்ப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பழக்கதோஷத்தில் டிரைவருக்கு நன்றி சொன்னேன். "எதுக்கும்மா?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

3

இப்போது டெல்ராய் பற்றி. ஐந்து மாதமாக எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்கு அவர்தான் காரணம்.

டெல்ராய், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அறுபத்தாறு வயது. வார நாளில் போர்வை மடிப்பவர் ஞாயிறு மதியம் வேறு ஆள். மில் தொழிலாளர்களுக்காக ஒரு காலத்தில் கட்டிய மன்றம் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. சின்ன மேடை, தேய்ந்த மரத்தரை. அங்கே இரண்டு மரப்பெட்டி நிறைய ரெக்கார்டுகளோடு வந்து, இரண்டு பிளேயர் வைத்து, சோல் பாட்டுப் போடுவார்.

டிஜே என்றதும் நம் ஆட்களுக்கு ஊர்வலத்தில் வேன்மேல் பெட்டி அடுக்கி நெஞ்செலும்பை ஆட்டி வைப்பதுதான் ஞாபகம் வரும். டெல்ராய் அந்த ரகம் இல்லை. பாட்டுக்கு நடுவே பேச மாட்டார். ஒன்றோடு ஒன்றைக் கலக்க மாட்டார். ஒரு பாட்டு முடிந்ததும் ஒரு மூச்சு இடைவெளி விட்டு அடுத்ததன் மேல் ஊசியை இறக்குவார். யாராவது பாட்டுக் கேட்டால் "பெட்டியில் இல்லை" என்பார். பெட்டியில் இருக்கும்.

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் கோவிலில் பாடிய பாட்டு, கோவிலை விட்டு வெளியே வந்தது. ஆண்டவரைக் கூப்பிட்ட அதே குரலில் விட்டுப் போனவனைக் கூப்பிடுவார்கள். அங்கே வெளிவந்து யாரும் வாங்காமல் மூலையில் கிடந்த ரெக்கார்டுகளை, எங்கள் வட இங்கிலாந்து மில் ஆட்கள் தேடிப் பிடித்து வாங்கி, வார விடுமுறையில் விடாமல் ஆடித் தீர்த்தார்களாம். இன்னும் ஆடுகிறார்கள். முதல் நாள் நான் போனபோது எழுபது வயது வெள்ளைக்காரர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துத் தரையில் தூவினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேரம் போர்டுக்குத் தூவுகிறமாதிரியே. பிறகு அவர் அந்தப் பவுடரில் வழுக்கிச் சுழன்றபோது சிரிப்பு நின்றது.

என்னிடம் இருப்பது நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு அவர் போட்ட பாட்டுகள். இருபத்தாறு பாட்டு, எழுபத்திரண்டு நிமிடம். பதிவு செய்தது என் மகள் லியா. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. போனை மேடை ஓரத்தில் வைத்து எடுத்தது. அதனால் நாற்காலி இழுக்கும் சத்தம், டீக் கோப்பை, டெல்ராயின் இருமல், தரையில் செருப்புத் தேய்வது எல்லாம் அதில் இருக்கும்.

முதல் மூன்று பாட்டும் மெதுவானவை. தனியாக வந்தவர்கள் வெட்கம் தெளியட்டும் என்பதற்காக என்று ஒருமுறை சொன்னார். ஊசி இறங்கும்போது எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் கேட்கும், பிறகு பியானோ. நாலாவதில் தாளம் ஏறும். ஒன்பதாவதில் ஒரு பெண் பாடுகிறாள். மேல் சுரத்துக்கு ஏறுவதற்கு ஒரு படி முன்னால் அவள் குரல் உடையும். உடைந்ததோடு ஏறிவிடுவாள். முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்கு ஆரோக்கியம் சித்திதான் ஞாபகம் வந்தார். பெரிய வெள்ளி வியாகுலப் பாட்டில், மகனை மடியில் வாங்குகிற இடத்தில், சித்தியின் குரல் உடையும். ஒத்திகையிலும் அங்கேதான் உடையும், கோவிலிலும் அங்கேதான். சின்ன வயதில் அதை நடிப்பு என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறேன். அந்தப் பெண் பாடக் கேட்ட பிறகுதான் அது எத்தனை பெரிய வித்தை என்று புரிந்தது. எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று தெரிந்து உடைவது லேசில்லை.

பதினேழாவது பாட்டில் யாரோ மேடைப்பக்கம் ஓங்கிக் குதித்ததில் ஊசி துள்ளி இரண்டு வரியைத் தாண்டிவிடும். எனக்கு இப்போது அந்தப் பாட்டு அப்படித்தான். முழுதாக எங்காவது கேட்டால் அந்த இரண்டு வரி எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

நாற்பத்தோராவது நிமிடத்தில் வருவதுதான் என் பாட்டு. யார் பாடியது என்று எனக்குத் தெரியாது. அந்த டிஜேக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அரிதான ரெக்கார்டு கிடைத்தால் நடுவில் இருக்கும் பெயர்ச்சீட்டின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, வேறு ஏதோ பெயரை எழுதி வைப்பார்கள். மற்ற டிஜே யாரும் தேடி வாங்கிவிடக் கூடாதல்லவா. டெல்ராய் இந்தப் பாட்டின் மேல் தாள் ஒட்டி முப்பது வருடம் ஆகிறது. நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருமுறை குடுமியான்மலையைப் பற்றிச் சொல்லி ஆசை காட்டினேன். எங்கள் பக்கம் சங்கீதத்தைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், நீங்கள் ஒரு பெயரைச் சொல்ல இவ்வளவு பிகு பண்ணுகிறீர்களே என்றேன். "பாறையா? எத்தனை ஸ்பீடில் சுற்ற வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போர்வை மடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பாட்டு ஓடும்போது லியாவின் குரல் கேட்கும். "அம்மா பாரு!" தூரத்தில் அவள் சுழன்று காட்டுகிறாள். கொஞ்சம் விட்டு மறுபடி, "அம்மா பாரு!" நான் கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கேட்டதாக ஞாபகமே இல்லை. மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து மன்றத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அது இதனால் இல்லை, வயது அப்படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம்.

4

லியாவுக்கு இப்போது பதினெட்டு. அவள் அப்பா அவளுடைய ஆறாவது வயதில் எங்களை விட்டுப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் இங்கே மாட்டிக்கொண்ட பிறகு அவள் தனியாக இருக்கிறாள். டெல்ராயின் மனைவி வாரத்தில் இரண்டு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

முதல் மாதம் தினமும் போன் செய்தாள். பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்த கையோடு அறைக்கு வெளியே நின்று கூப்பிடுவாள். "அம்மா, கெமிஸ்ட்ரி ஓகே, மேத்ஸ் கொஞ்சம் வொரி." பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. பிறகு ஞாயிறு மட்டும். ஆகஸ்டில் முடிவு வந்தது. மூன்று மணி நேர ரயில் தூரத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே பிள்ளைகள் அப்படிப் போனால் அதன்பிறகு வீட்டுக்கு வருவது விருந்தாளியாகத்தான். என்னோடு வேலை செய்கிற எல்லாத் தாய்மாரும் இதைச் சொல்லி அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் ஆசை ரொம்பச் சின்னது. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு வாரமாவது அவளோடு அந்த வீட்டில் இருந்துவிட வேண்டும். துணி மடித்துத் தர வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு படியேற வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

இங்கே என் நாள் இப்படிப் போகிறது. காலையில் வாசல் கூட்டல். எட்டரைக்குப் போனில் என் மனுவின் நிலையைப் பார்த்தல். நேற்று இருந்த அதே வரி இருக்கும். அப்புறம் சமையல், சித்தியோடு வாய்ச்சண்டை, சமாதானம். வேலை இருக்கும் இடத்திலிருந்து கடிதம் வந்தது. சம்பளமில்லா விடுப்பை இன்னும் ஒரு மாதம் மட்டும் நீட்டுவார்களாம். வீட்டில் பல்லி எந்த நேரத்தில் எந்தச் சுவரில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அஞ்சரைக்கு மட்டும்தான் மூச்சு விடுவேன். வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். நெல் காயவைக்க அம்மா மேற்குப் பாதியை இழைத்துப் பூசி வைத்திருந்தார். அதைக் கூட்டி, பவுடர் தூவி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, காலுறையோடு ஆடுவேன். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் வேப்பமரம். தூரத்தில் நார்த்தாமலைப் பாறை. யாருக்கும் தெரியாது என்ற தைரியம். நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, தாய்க்கு வருசத் திருப்பலி வைக்க வந்தவள், மாடியில் ஆடுகிறாள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். நாற்பத்தோராவது நிமிடத்தில் தினமும் திரும்பிப் பார்ப்பேன். அங்கே துணி காயும் கொடிதான் இருக்கும்.

5

செப்டம்பர் முதல் வாரத்தில் டெல்ராயிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவர் செய்தி அனுப்புகிற ஆளே இல்லை.

"மேரி, ஒன்று யோசித்தேன். அந்தத் தாள் ஒட்டிய ரெக்கார்டு. நீ விரும்பினால் தாளைக் கிழித்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீ அதை வைத்துக்கொள்."

முப்பது வருடமாக, கட்டிய மனைவிக்கும் சொல்லாத பெயர். நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. முதியோர் இல்லத்தில் நாங்கள் செய்வது இதைத்தான். டாக்டர் கைவிட்டுவிட்டால் சர்க்கரை நோயாளிக்கும் கேக் கொடுப்போம். டெல்ராய் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று தெரிந்தது. இனி நான் வரமாட்டேன் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள் போலும். லியாவும் அந்தப் பேச்சில் இருந்திருப்பாள்.

"கிழிக்காதீர்கள். நான் வந்து உங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்" என்று பதில் போட்டேன். அன்றைக்கு மாடிக்குப் போய் முழு எழுபத்திரண்டு நிமிடமும் உட்கார்ந்தே கேட்டேன்.

6

போன வாரத்துக்கு முந்தைய வாரம் ஏட்டு வந்தார். அதே ஏட்டு. இந்த முறை நான் வீட்டில் இருந்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சித்தியும் எதிர்வீட்டு ஜெபமாலை வாத்தியாரும் சாட்சிக்கு வந்து நின்றார்கள். ஏட்டு சித்தியைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"போன தடவ நீங்கதானம்மா சொன்னீங்க, அவங்க இங்க இல்ல, லண்டன்ல இருக்காங்கன்னு? இப்ப இங்கதான் இருக்காங்கன்னா எத நான் எழுதுறது?"

"அப்ப அங்க இருந்தா. இப்ப இங்க இருக்கா. அதுக்கு நான் என்ன செய்ய?"

"வாய்ல சொன்னா ஆச்சுங்களா? நாளைக்கு மேல இருந்து என்னையக் கேப்பாங்கம்மா."

சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னால் வந்த வினை என்ற உறுத்தல் ஐந்து மாதமாக அவருக்கும் இருந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எழுதிக்கங்க சொல்றேன். காலையில ஆறேகாலுக்கு வாசக் கூட்டுறா. கூட்டத் தெரியல, அது வேற. பால்காரிக்குத் தினம் தேங்க்ஸ் சொல்றா. எட்டரைக்குப் போனப் பாத்துட்டு மூஞ்சியத் தொடைக்கிறா. ஞாயித்துக்கிழம பூசையில கடைசிப் பெஞ்சுல உக்காந்து, மக கூப்புடுவான்னு பாதியில எந்திரிச்சு ஓடுறா. ரசத்துக்கு உப்புப் போட மறக்குறா. சாயங்காலம் அஞ்சரையானா மாடியேறி, காதுல எதையோ மாட்டிக்கிட்டு, தரையெல்லாம் பவுடரக் கொட்டி, ஒத்தையா ஆடுறா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடுறா. நடுவுல ஒரு எடத்துல நின்னு திரும்பிப் பாப்பா. யாரையுங் காணாம மறுபடி ஆடுவா. தெருவே பாக்குது சார். யாரும் அவகிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. இங்க இல்லாதவளயா இத்தன பேரு பாக்குறோம்?"

வேப்பமரத்தை நம்பி ஐந்து மாதம் ஆடியிருக்கிறேன். திரும்பிப் பார்ப்பதுகூடத் தெரிந்திருக்கிறது. சித்தி என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

ஏட்டு மாடிக்கு ஏறினார். பின்னாலேயே போனேன். முந்தின நாள் பவுடர் அப்படியே கிடந்தது. அதில் என் காலடி வட்டம் வட்டமாகத் தேய்ந்திருந்தது. குனிந்து பார்த்தார்.

"என்ன பாட்டும்மா இது?"

விளக்கத் தெரியாமல் இயர்போனில் ஒன்றை அவரிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்தார். கையில் வந்த இடத்தில் தட்டினேன், ஒன்பதாவது பாட்டு ஓடியது. அந்தப் பெண் குரல் உடைகிற இடம் வரைக்கும் நின்று கேட்டார்.

"அழுகுற பாட்டு மாதிரி இருக்கு. ஆனா காலு நிக்க மாட்டேங்குது" என்றார்.

இத்தனை வருடத்தில் சோல் பாட்டுக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை. பிறகு கீழே வந்து எழுதினார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார்.

"போன தடவையும் உள்ளதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவையும் உள்ளதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

கடைசியாக என் முறை. மேற்கண்ட முகவரியில் தொடர்ந்து வசித்து வருகிறேன் என்று இருந்தது. ஏட்டு முறைக்காக ஒருதரம் வாயால் கேட்டார். "இங்கதானேம்மா இருக்கீங்க?"

"ஆமா சார். இங்கதான் இருக்கேன்."

ஏப்ரலில் பொய்யாக எழுதியது செப்டம்பரில் நிஜமாகியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன். சித்தி அடுப்படி வரைக்கும் வந்தார். தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனார்.

7

லியா முந்தாநாள் சனிக்கிழமை போய்விட்டாள். டெல்ராய்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். பெட்டி தூக்கிப் படியேறியதும் அவர்தான். நேற்று வீடியோவில் அறையைக் காட்டினாள். சின்ன அறை, கட்டில், ஒரு ஜன்னல். கட்டில் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் மாட்டியிருந்தாள். யார் மாட்டியது என்று கேட்டேன். "நானேதாம்மா. யூடியூப் பாத்து" என்றாள்.

இன்று பகல் ஒன்றரை மணிக்குத் தபால்காரர் வந்தார். பாஸ்போர்ட். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். புதுத்தாள் வாசனை. கடைசிப் பக்கத்தில் இந்த வீட்டு முகவரி அச்சாகியிருந்தது. உடனே லியாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். அவள் குரலுக்குப் பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம்.

"அம்மா! வந்துருச்சா? ஓ மை காட், சூப்பர்மா!"

"நாளைக்கே டிக்கெட் பாக்குறேன்டா. நேரா ஒன் காலேஜுக்கே வந்துடுறேன்."

அன்பாகத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இல்லம்மா, இந்த வீக் ஃபுல்லா புதுசா சேந்தவங்களுக்கு இண்டக்ஷன். நான் கிறிஸ்மஸுக்குத்தான் வீட்டுக்கு வருவேன். இப்ப ஒண்ணும் அவசரம் இல்லயேம்மா. நீங்க மெதுவா வாங்க." யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வரேன்!" என்று அவர்களுக்குக் குரல் கொடுத்தாள். "லவ் யூம்மா, அப்புறம் பேசுறேன்."

போனை மேடைமேல் வைத்தேன். பாஸ்போர்ட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். வேலை இருக்கிறது, வீட்டுக்கு வாடகை ஓடுகிறது, போகத்தான் வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து மாதமாக ஓடிப்போய்த் தட்ட வேண்டும் என்று நினைத்திருந்த கதவுக்கு உள்ளே இப்போது யாரும் இல்லை. மதியம் சாப்பிடவில்லை. நோட்டை எடுத்து இதை எழுத உட்கார்ந்தேன். அஞ்சரை தாண்டியும் மாடிக்குப் போகவில்லை.

சற்றுமுன் பக்கத்துச் சுவர் ஓரம் சித்தி வந்து நின்றார்.

"பாஸ்போட்டு வந்துருச்சாமே. செல்வி சொன்னா. எப்பக் கெளம்புற?"

"தெரியல சித்தி."

என்னை ஒருமுறை பார்த்தார். மாடியையும் அண்ணாந்து ஒருமுறை பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"சரி, ராத்திரிக்கு ஒனக்கும் சேத்து ஒல வைக்கவா?"

"வைங்க சித்தி" என்றேன்.